கணக்கு கைக்கு வரவேண்டும்

தோட்டத்தில் சாவு விழுந்தால் உறவுக்காரர்களுக்கு அடுத்தபடியாகத் தேடப்படுவது மரண உதவிச் சங்கத்தின் பொருளாளரைத்தான். சவப்பெட்டிக்குப் பதுளை டவுனுக்கு ஆள் போகவேண்டும். பந்தல், நாற்காலி, தப்பு, ராத்திரி முழுக்க விழித்திருப்பவர்களுக்குத் தேத்தண்ணி என்று எல்லாவற்றுக்கும் உடனே காசு வேண்டும். பசறை, ஹாலி-எல, நமுனுகுல, மடுல்சீமை, லுணுகலை என ஊவா மலைகளில் எத்தனையோ டிவிசன்களில் இந்தச் சங்கங்கள் ஓசையில்லாமல் வேலை பார்க்கின்றன. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு சந்தா. யார் கட்டினார், யாருக்கு எத்தனை மாதம் பாக்கி, யார் வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதெல்லாம் கெட்டி அட்டை போட்ட நீளமான சீ.ஆர். கொப்பி ஒன்றில் இருக்கும். அந்தக் கொப்பிதான் சங்கம்.

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்படியொரு கொப்பியைப் பல காலம் பத்திரமாக வைத்திருந்தவருக்கு ஒரு மருமகன் இருந்தான். 2013இல் உயர்தரம் படித்துக்கொண்டே சனிக்கிழமைகளில் பதுளையில் கணினி வகுப்புக்குப் போய்வந்தவன். நூற்றுச் சொச்சம் குடும்பங்களின் சந்தாவைக் கூட்டிக் கழிக்க மாமா ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குனிந்திருப்பதைப் பார்த்து, இதை ஒரு பக்கமாக எழுதிவிடலாம் என்று தீர்மானித்தான். தோட்டத்தில் இன்டர்நெட் கிடையாது. ஆனால் ஒரு எச்டிஎம்எல் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் பிரவுசர் திறக்கும், அதற்குள் ஜாவாஸ்கிரிப்ட் ஓடும், அதற்கு இணையம் எதற்கு? வகுப்பில் கற்றதிலேயே அவனை அதிகம் கவர்ந்த செய்தி அதுதான்.

பக்கம் சீக்கிரமே உருவாகிவிட்டது. பெயரைத் தட்டினால் அந்தக் குடும்பத்தின் சந்தா வரிசை வரும், தொகை போட்டால் பாக்கி குறையும். விபரங்களை அவன் லோக்கல்ஸ்டோரேஜில் வைத்தான். 2009இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8, ஃபயர்ஃபாக்ஸ் 3.5 ஆகியவற்றோடு பரவலான வசதி அது. பக்கத்துக்கென்று பிரவுசர் தனக்குள்ளேயே ஓர் இடம் ஒதுக்கும். பெரும்பாலான பிரவுசர்களில் சுமார் 5 எம்பி. பக்கத்தை மூடித் திறந்தாலும் போட்டது போட்டபடி இருக்கும்.

வகுப்புக் கணினிகளில் மட்டும் இருக்கவில்லை. பல பேர் கைபடும் இயந்திரங்கள் கெட்டுப்போகாமல் இருக்க, ஒவ்வொரு முறை அணைத்து மீண்டும் போடும்போதும் பழைய நிலைக்கே திரும்பும்படி ஒரு மென்பொருள் அவற்றில் போடப்பட்டிருந்தது. வைரஸ் வந்தாலும் போய்விடும். மாணவர்கள் சேமித்ததும் போய்விடும். கணினி மையங்களில் இது வழக்கமான ஏற்பாடு, குறை சொல்வதற்கில்லை. சோதனைக்கென்று போட்ட நாலைந்து பெயர்கள் அடுத்த சனிக்கிழமை மறைந்திருந்தபோது அவனுக்கு ஒன்று விளங்கியது: லோக்கல்ஸ்டோரேஜ் என்பது அந்தக் கணினியில், அந்தப் பிரவுசரில், அந்தப் பயனர் கணக்கில் மட்டும் வாழும் ஒன்று. பிரவுசரை மாற்றினால் இல்லை. வரலாற்றை அழிக்கும் பட்டனை யாராவது அமுக்கினால் இல்லை. பென்டிரைவில் அதை எடுத்துப் போகவும் முடியாது, ஏனென்றால் கையில் பிடிக்க அங்கே கோப்பு என்று எதுவும் கிடையாது.

வீட்டில் இதை விளக்கியபோது மாமா கேட்ட கேள்வி, அந்தப் பக்கத்தின் வடிவத்தையே மாற்றியது.

"அப்ப கணக்கு பொட்டிக்குள்ள இருக்கு. நம்ம கையில இல்ல. அப்படித்தானே மருமகனே?"

பிரவுசர் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாட்களில் எழுதிய மொழி ஜாவாஸ்கிரிப்ட். முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரலைக் கேள்வி கேட்காமல் நம் கணினியில் ஓட்டுவது பிரவுசரின் வேலை. அந்த நிரல் நம் ஹார்ட்டிஸ்கைத் திறந்து பார்க்கலாம் என்று அனுமதித்தால் ஒரு இணையப் பக்கத்தைப் பார்ப்பதே ஆபத்தாகிவிடும். ஆகவே தொடக்கத்திலிருந்தே ஒரு வேலி. கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பட்டன் அதே 1995இன் கடைசியில் வரையறுக்கப்பட்டது என்றாலும், அது கோப்பைச் சேவையகத்துக்கு அனுப்புவதற்காக வந்தது. பக்கமே கோப்பைப் படித்துப் பார்க்க வெகு காலம் வழியில்லாமல் இருந்தது.

வேலியில் சந்து கண்டுபிடித்தவர்கள் இருந்தார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெரமி ரஸ்டன் 2004இல் வெளியிட்ட டிட்லிவிக்கி அவற்றில் மிகப் புகழ்பெற்றது. ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு. அதற்குள்ளேயே குறிப்புகள், அதற்குள்ளேயே அவற்றைத் திருத்தும் நிரல். சேமி என்றால் அந்தக் கோப்பு தன்னைத் தானே புதிதாக எழுதிக்கொள்ளும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ஆக்டிவ்எக்ஸ் வழியாகவும், ஃபயர்ஃபாக்ஸில் சிறப்பு அனுமதி கேட்டும், மற்றவற்றில் ஜாவா துணையோடும் அது எழுதியது. அந்த வாசல்களைப் பிரவுசர் நிறுவனங்கள் பாதுகாப்புக்காக ஒவ்வொன்றாக மூடின. ஃபயர்ஃபாக்ஸ் 2012இல் அந்தச் சிறப்பு அனுமதியை எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்த துணைநிரலும் 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 வந்தபோது செயலிழந்தது. டிட்லிவிக்கி இன்றும் உயிரோடு இருக்கிறது. எந்தப் பிரவுசரிலும் மூடப்படாத ஒரே வழியையும் அது கடைசித் துணையாக வைத்துக்கொண்டதுதான் காரணம்: புதிய கோப்பை டவுன்லோடாகக் கையில் கொடுத்துவிடுவது.

பசறை மாணவன் பிடித்துக்கொண்டதும் அந்த வழியைத்தான். நேரமும் வாய்த்தது. கோப்பைப் பக்கத்துக்குள்ளேயே படிக்கும் ஃபைல்ரீடர் 2010 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸ் 3.6இல் வந்திருந்தது. ஒரு சுட்டியில் டவுன்லோட் என்ற பண்பைச் சேர்த்தால் அது கோப்பாக இறங்கும் என்ற வசதி 2011இல் குரோமிலும், 2013 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸ் 20இலும் சேர்ந்தது. ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் வாசல் திறந்திருந்த முதல் ஆண்டுகள் அவை.

சேமிப்பது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பக்கத்துக்குள் இருக்கும் குடும்பங்கள், சந்தாக்கள், கொடுப்பனவுகள் எல்லாவற்றையும் ஜேசன் என்ற அமைப்பில் ஒரே நீள எழுத்தாக மாற்றவேண்டும். அதைப் பிளாப் என்ற பொட்டலத்துக்குள் போடவேண்டும். பொட்டலத்துக்குப் பிரவுசர் ஒரு தற்காலிக முகவரி தரும். அந்த முகவரியோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு சுட்டியை உருவாக்கி, கோப்பின் பெயரையும் அதில் எழுதி, நிரலே அதைக் கிளிக் செய்யவேண்டும். டவுன்லோட் ஃபோல்டரில் கோப்பு விழும். கடைசியில் அந்த முகவரியை ரத்துச் செய்யவேண்டும். செய்யாவிட்டால் பக்கம் திறந்திருக்கும்வரை பொட்டலம் நினைவகத்தில் கிடக்கும். எல்லாம் சேர்த்துப் பத்து வரிகூட இல்லை.

திரும்ப ஏற்றுவது வேறு மாதிரி. நிரல் தானாக எந்தக் கோப்பையும் தொடமுடியாது. ஆள் பட்டனை அமுக்கி, ஜன்னலில் கோப்பைக் காட்டவேண்டும். காட்டிய அந்த ஒரு கோப்பு மட்டும் நிரலுக்குக் கிடைக்கும். படித்து முடிந்ததும் பிரவுசர் சொல்லும், அதன்பிறகே உள்ளடக்கத்தைப் பிரித்து அட்டவணையில் போடலாம். கோப்பு எந்த ஃபோல்டரில் இருந்து வந்தது என்பதையும் பிரவுசர் சொல்லாது. கேட்டால் ஃபேக்பாத் என்ற பொய்யான ஃபோல்டர் பெயரைக் காட்டும். பயனரின் ஃபோல்டர் அமைப்பைப் பக்கம் எழுதியவர் தெரிந்துகொள்ளக்கூடாது என்ற அந்தக் கவனம், சாவுக் கணக்கு வைத்திருக்கும் ஒரு சங்கத்துக்கு மிகவும் பொருத்தமானது என்று அவன் நம்பினான், இன்றும் நம்புகிறான்.

கோப்புக்குப் பெயர் வைப்பதில்தான் அதிக யோசனை போனது. ஒரே பெயரில் இரண்டாம் முறை இறக்கினால் பிரவுசர் அடைப்புக்குறிக்குள் 1 என்று போடும், அடுத்ததற்கு 2. எது கடைசி என்று மாமாவுக்கு எப்படித் தெரியும்? பெயரிலேயே திகதி வந்தது: முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள். 'சந்தா-2014-03-16' என்ற கோப்புக்குக் கீழே 'சந்தா-2014-04-20'. பெயர் வரிசையே கால வரிசையாக நின்றது. பழையதை அழிக்க வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். சீ.ஆர். கொப்பியில் பக்கம் கிழிப்பதில்லை என்பது அவருடைய சட்டம்.

தமிழ் எழுத்து இந்த வேலைக்குள் தனியொரு மலையாக நின்றது. பழைய செயலாளர் ஒருவர் உறுப்பினர் பட்டியலை முன்பே டைப் செய்து வைத்திருந்தார், பாமினி எழுத்துருவில். இலங்கையில் பத்திரிகை, கல்யாணக் கார்டு, பாடசாலை வினாத்தாள் என்று பல காலம் பாமினிதான். அதில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் போட்டுவிடும். அதைப் பிரவுசரில் ஏற்றினால் முகம் கழன்று, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டம் வரும். சுரதா யாழ்வாணன் உருவாக்கிய எழுத்துரு மாற்றிப் பக்கம் கைகொடுத்தது. ஒரு பெட்டியில் பாமினியை ஒட்டினால் மறு பெட்டியில் யுனிகோட் வரும். உலகம் முழுக்கத் தமிழர்கள் பயன்படுத்திய அந்தப் பக்கமும் ஜாவாஸ்கிரிப்டால் பிரவுசருக்குள்ளேயே வேலை செய்வதுதான். புலம்பெயர்ந்த ஒருவர் எழுதிய சில நூறு வரிகள் நமுனுகுல மலைச்சரிவில் ஒரு சங்கத்தின் பெயர்ப்பட்டியலை மீட்டுத் தந்தன. இவற்றுக்கெல்லாம் நாம் போதிய நன்றி சொல்லியிருக்கிறோமா?

மாற்றிய பிறகும் ஒரு புதிர் மிஞ்சியது. பட்டியலில் யோகேஸ்வரி என்ற பெயர் கண்ணெதிரே இருக்கிறது. தேடினால் இல்லை என்கிறது பக்கம். எழுத்தை எழுத்தாக எடுத்து அதன் எண்ணை அச்சிட்டுப் பார்த்தான். தேடலில் தட்டிய 'யோ' என்பது யகரமும் ஓகாரக் குறியும் என இரண்டு குறியெண். பட்டியலில் இருந்த 'யோ'வோ யகரம், முன்னால் நிற்கும் இரட்டைக்கொம்பு, பின்னால் வரும் கால் என மூன்று. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. யுனிகோட் இரண்டையும் சமமானவை என்று சொன்னாலும், ஜாவாஸ்கிரிப்ட் தானாக அப்படிப் பார்ப்பதில்லை. அவற்றை ஒன்றாக்கும் நார்மலைஸ் என்ற கட்டளை 2015இல் மொழியின் தரத்துக்குள் வந்தது. அதுவரை கோப்பை ஏற்றும்போதே மூன்றை இரண்டாக மாற்றும் சிறு நிரலைக் கையாலேயே எழுதி வைத்திருந்தான்.

எக்செல்லும் தன் பங்குக்குச் சோதித்தது. தோட்டத்து ஆபிஸில் இருந்தவர்கள் பட்டியலை எக்செல்லில் கேட்டார்கள். சிஎஸ்வி கோப்பாக இறக்கிக் கொடுத்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் ஐரோப்பிய உச்சரிப்புக் குறிகள் ஏறிய எழுத்துகளாகத் திறந்தன. 'கொழுந்து' என்று நாம் எழுதுவது யுனிகோடில் 8 குறியெண், யூடிஎஃப்-8இல் 24 பைட். எக்செல் அந்த 24ஐயும் தனித்தனி எழுத்தாக வாசித்தது. கோப்பின் தொடக்கத்தில் பைட் வரிசை அடையாளம் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைச் சேர்த்தவுடன் அடங்கியது. பிளாபுக்குள் முதல் எழுத்தாக அதை வைப்பது ஒரே ஒரு மாற்றம். தமிழில் சிஎஸ்வி கோப்பு இறக்கித் தரும் எவரும் இதைச் செய்துவிட்டால் பல அலுவலகங்களில் பல பேருடைய ஒரு நாள் வேலை மிஞ்சும்.

இதற்கிடையில், 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் கொடுக்கப்பட்டிருந்தது. முதல் நாட்களில் காணாமற்போனோர் தொகை சில நூறு என்றார்கள், பிறகு குறைந்தது, மறுபடி மாறியது. மக்கள் விபரம் இருந்த அலுவலகங்களும் சரிவில் அடித்துச் செல்லப்பட்டது அந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். எந்த லயத்தில் எந்தக் காம்பராவில் யார் இருந்தார்கள் என்பதைத் தப்பியவர்களின் வாயிலிருந்து கேட்டு எழுதவேண்டியிருந்தது. கொஸ்லந்தைப் பாடசாலை முகாமில் பேரிழப்போடு நின்றவர்களிடம் அதைக் கேட்கவேண்டியிருந்தது.

ஊவாவில் ஒவ்வொரு தோட்டத்திலும் அந்த வாரம் பேசப்பட்டது அதுதான். பசறைச் சங்கத்தின் கூட்டம் கோயில் மண்டபத்தில் கூடியபோது வயதான ஒருவர், தன் டிரங்குப் பெட்டியில் என்னென்ன பத்திரம் இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னார். பிறப்புச் சான்றிதழ், தகப்பனாரின் பிறப்புப் பதிவு, பிரஜாவுரிமைக் கடிதம். அது முழுவதும் மண்ணுக்குள் போனால் தான் யார் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்.

அது மிகையான பயம் அல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கேயே பிறந்தவரிடமும் தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. பிறப்பை ஒழுங்காகப் பதியாத காலத்தில் தோட்டத்தில் பிறந்தவர்கள் எங்கே போய் அதைத் தேடுவது? 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பங்கிட்டார்கள். நாடற்றவர் என்ற நிலைக்கு முடிவு கட்டிய 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல்தான் வந்தது. ஒரு பதிவு இல்லாததால் ஒரு தலைமுறை வாக்குரிமையில்லாமல் வாழ்ந்த மண் இது. இங்கே விபரத்தைச் சேமிப்பது என்பதை வெறும் கணினிப் பாடமாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

அன்றைய கூட்டத்தில் முடிவானது எளிமையான ஏற்பாடு. மாதாமாதம் சந்தா முடிந்ததும் கோப்பை இறக்கி மூன்று பென்டிரைவில் போடுவது. ஒன்று மாமாவிடம், ஒன்று கோயில் கமிட்டியிடம், ஒன்று பதுளையில் வேலை பார்க்கும் உறுப்பினரிடம். பக்கத்தின் எச்டிஎம்எல் கோப்பும் அதோடு போகும். கணக்கு இருந்து, திறக்கும் பக்கம் இல்லாமல் போய்விடக்கூடாது. நூற்றுச் சொச்சம் குடும்பங்களின் பல வருடக் கணக்கு நூறு கிலோபைட்டைத் தாண்டவில்லை. பக்கம் கோப்பைத் தனியாகக் கேட்காமல் தானே வாசித்துக்கொள்ளட்டும் என்று சிலர் விரும்பினார்கள். இரட்டைக் கிளிக்கில் திறந்த பக்கம் அருகிலுள்ள ஜேசன் கோப்பை எடுக்க குரோம் அனுமதிப்பதில்லை. ஆளே தேர்ந்தெடுத்து ஏற்றுவது ஒரு வேலை கூடுதல்தான். எந்த மாதக் கோப்பு என்று ஒருமுறை பார்த்துத் தொடுவதால் அது நல்லதாகவே அமைந்தது.

கொரோனாக் காலத்தில் கூட்டம் கூட முடியாதபோது கோப்பு வாட்ஸ்அப்பில் போய்வந்தது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் 13 மணி நேரம் கரண்ட் இல்லாத நாட்களில் சார்ஜ் மிச்சமிருந்த யாரோ ஒருவருடைய லப்டொப்பில் பக்கம் திறந்தது. சர்வர் ஒன்றை நம்பியிருந்தால் அந்த நாட்களில் கணக்கு பார்த்திருக்க முடியாது.

பிரவுசர்களும் மாறிவிட்டன. 2020 மார்ச்சில் ஆப்பிளின் சஃபாரி, ஏழு நாள் பாவனைக்குள் எட்டிப் பார்க்காத இணையதளத்தின் லோக்கல்ஸ்டோரேஜைத் தானே துடைக்கத் தொடங்கியது. பின்தொடரும் விளம்பரக்காரர்களைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. மாதம் ஒருமுறை சந்தா போடும் சங்கம் ஒன்று இணையத்தில் பக்கம் வைத்து ஐபோனில் கணக்கு எழுதினால் ஒவ்வொரு மாதமும் வெறுங்கையோடுதான் நிற்கும். அதே ஆண்டு அக்டோபரில் குரோம் 86இல் வேறொரு வாசல் திறந்தது. ஆள் ஒருமுறை கோப்பைக் காட்டி அனுமதித்தால், பக்கம் அதே கோப்பிலேயே திரும்ப எழுதலாம். டவுன்லோட் ஃபோல்டரில் குவியாது. ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் இந்த முறைக்கு இடம் கொடுக்கவில்லை. பசறைச் சங்கம் பழைய முறையிலேயே நிற்கிறது. மாதத்துக்கு ஒரு கோப்பு, பெயரில் திகதி. ஒரே கோப்பில் மேலெழுதுவது வசதிதான், ஆனால் பொருளாளர் மாறும்போது போன வருடத்துக் கணக்கைக் கேட்பவர்களுக்கு எதைக் காட்டுவது?

மருமகன் இப்போது பதுளையில் வேலை பார்க்கிறான். மாமா பொருளாளர் பொறுப்பை ஒரு ஆசிரியையிடம் கொடுத்துவிட்டார். பக்கத்தில் இப்போது நடக்கும் திருத்தம் அந்த டீச்சர் கேட்டது. சங்கம் உதவி கொடுத்த பிறகு மரணச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதி, வங்கிக் கணக்கு என்று குடும்பங்கள் அலையும்போது பெயரால்தான் தடங்கல் வருகிறது. அடையாள அட்டையில் ஒரு எழுத்து, தோட்டத்துச் செக்ரோலில் வேறு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் எழுதிய பதிவாளர் காதில் விழுந்தபடி இன்னொன்று. முத்துலட்சுமி ஒரு பத்திரத்தில் முத்துலெச்சுமி, இன்னொன்றில் வெறும் லெச்சுமி.

"சேர்ட்ட கேக்குறது ஒண்ணுதான். ஒவ்வொரு ஆளுக்கும் எல்லாப் பேரையும் பத்திரத்துல உள்ள மாதிரியே போட எடம் வேணும். எந்த எழுத்துல தேடினாலும் அந்த ஆள் வரணும்" என்றார் டீச்சர்.

அதற்காக ஜேசன் அமைப்பில் ஒவ்வொருவருக்கும் பெயர் என்ற ஒற்றைப் புலத்துக்குப் பதில் பெயர்களின் பட்டியல் வருகிறது, ஒவ்வொன்றோடும் அது எந்தப் பத்திரத்தில் உள்ளது என்ற குறிப்போடு. ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும் 2014ஆம் ஆண்டுக் கோப்புகளும் அப்படியே ஏறவேண்டும் என்பதால், ஏற்றும்போதே பழைய வடிவத்தைக் கண்டுபிடித்துப் புதியதாக்கும் பகுதியை அவன் முதலில் எழுதினான். பிறப்புச் சான்றிதழ்களைப் பார்த்துச் சிங்கள எழுத்தில் உள்ளதைத் தட்டும் வேலையை உயர்தர மாணவிகள் இருவர் எடுத்திருக்கிறார்கள். மேல் டிவிசன் முடிந்துவிட்டது, கீழ் டிவிசன் பாதியில் இருக்கிறது.